குழாயின் நடுவில் பனி

எர்லிண்டா மாஸ்கரேன்யாஸ் கஞ்சா எண்ணெய் எடுக்கும் வேலைக்கு வந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அதற்கு முன் பத்தொன்பது வருஷம் புவெப்லோ நகரத்துக் குடிநீர் நிலையத்தில் மணல் வடிகட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கஞ்சாவை ஒருநாளும் தொட்டதில்லை. எங்களுடையது லைசென்ஸ் வாங்கி நடக்கும் தொழில்தான். ஆனாலும் அவருடைய சர்ச்சில் சிலர் அதற்கப்புறம் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

எனக்கு அதைவிட வேறொன்று புரியவில்லை. அவருடைய தம்பி லியாண்ட்ரோ என்னோடு பள்ளியில் படித்தவன். வீட்டுக் கார் ஷெட்டில் திருட்டுத்தனமாக இதே எண்ணெயை எடுக்கப் போனான். தரையோடு பரவிய கேஸ், வெந்நீர் ஹீட்டரின் தீயைத் தொட்டுவிட்டது. இன்றைக்கும் அவனால் சட்டைப் பித்தானைத் தானே போட முடியாது. அப்படிப்பட்டவனுடைய அக்கா இந்த வேலைக்கு ஏன் வர வேண்டும்? ஒருநாள் கேட்டேன். அவர் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார்: “அந்த ரூம்ல பயப்படுற ஆள் ஒருத்தராவது இருக்கணும், பெனி.”

பயம் அவரிடம் நிறையவே இருந்தது. பருத்தி உடுப்பா என்று எங்கள் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்ப்பார். நைலான் உரசினால் பொறி வரும் என்பார். கேஸ் கசிந்தால் அலறும் கருவியைக் காலையில் இரண்டு முறை சோதிப்பார். மற்றவர்கள் அவரைக் கிண்டல் செய்தார்கள். நானும் செய்திருக்கிறேன்.

அது பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். குளிர வைத்துத் திரவமாக்கிய பியூட்டேன் கேஸைக் கஞ்சா இலைக்குள் செலுத்தி எண்ணெயைக் கரைத்தாகிவிட்டது. அந்தக் கரைசல் அடுத்து வடிகட்டிக் குழாய்க்குள் போக வேண்டும். ஆளுயர எஃகுக் குழாய் அது; தலையில் இருக்கும் மூடியை ஒரு கிளாம்பு இறுக்கிப் பிடித்திருக்கும். உள்ளே களிமண் போன்ற வெள்ளைப் பவுடரை அடுக்கி அமுக்கியிருப்போம். மேலே பச்சையாக நுழைவது, பவுடர் வழியாக இறங்கி, அடியில் வெளிர் மஞ்சளாக வரும்.

அன்று அடியில் இருந்த கண்ணாடிச் சன்னலில் முதலில் நூல் போல வந்தது. பிறகு சொட்டுச் சொட்டாக. பிறகு நின்றேபோனது. குழாயின் தலையில் அழுத்தம் காட்டும் கேஜ் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. எர்லிண்டா கரைசல் உள்ளே வரும் வால்வை மூடினார். முகத்தில் ரத்தமே இல்லை.

எங்கள் மேனேஜர் வெஸ்லி, வெடிதடுப்பு அறையின் கண்ணாடிக்கு வெளியிலிருந்து என்ன ஆச்சு என்று கூப்பிட்டுக் கேட்டான். கெட்டவன் இல்லை, அவசரக்காரன். நாலு மணிக்குச் சரக்கு எடுக்க வண்டி வருகிறது என்றான். நைட்ரஜன் கேஸின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டி மேலிருந்து தள்ளினால் அடைப்பு உடைந்துவிடும் என்றான். எர்லிண்டா மறுத்தார். தள்ளத் தள்ளப் பவுடர் இன்னும் இறுகும், இல்லையென்றால் அடியில் இருக்கும் வடிகட்டித் தட்டைக் கிழித்துக்கொண்டு எண்ணெயில் கலக்கும். குடிநீர் நிலையத்தில் இரண்டையும் பார்த்துவிட்டேன் என்றார்.

உள்ளே இருக்கும் கேஸை மேல்வழியாக முழுவதும் உறிஞ்சித் தொட்டிக்குத் திருப்புவது என்று முடிவானது. பம்பு ஓட ஆரம்பித்தது. நான் அறை வாசலில் கசிவுக் கருவியைப் பார்த்தபடி நின்றேன். முக்கால் மணி நேரத்தில் கேஜ் முள் இறங்கிப் பூஜ்யத்தைத் தொட்டு, அதற்கும் கீழே போனது.

வெஸ்லி பருத்தி அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தான். “காலி ஆயிடுச்சு. கிளாம்பைக் கழட்டலாம்ல?”

எர்லிண்டா குழாயைச் சுற்றி வந்து, ஒரு கையுறையைக் கழற்றி, தலைப்பக்கம் புறங்கையை வைத்துப் பார்த்தார். அறையின் சூடுதான் இருந்தது. அடிப்பக்கமும் அப்படியே. நடுவில் மட்டும், ஒரு சாண் அகலத்துக்கு, எஃகின் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது.

“இது ஏன் இன்னும் உருகலை?” என்றார்.

வெஸ்லி கேஜைக் காட்டினான். அது போன மாதம்தான் புதிதாக மாற்றியது, பொய் சொல்லாது என்றான்.

“கேஜ் மேல இருக்கு, வெஸ்லி. மேல இருக்கறதைத்தான் அது சொல்லும். நடுவுல பவுடர் மேலயும் கீழயும் உறைஞ்சு கட்டியாகி, இடையில கேஸ் திரவமா மாட்டியிருந்தா அதுக்கு எப்படித் தெரியும்?”

அவன் வெந்நீரைச் சுற்றவிட்டு உருக்கிவிடலாம் என்றான். போக வழியில்லாத கேஸைச் சூடாக்கக் கூடாது என்றார் அவர். அப்படியென்றால் என்னதான் செய்வது என்று அவன் குரலை உயர்த்தினான். அவன் கை கிளாம்பின் திருகின் மேல் இருந்தது. அதுவரை அவனிடம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்த எர்லிண்டா, அப்போது தாழ்ந்த குரலில் சொன்னார்:

“கையை எடு. என் தம்பியும் காலின்னுதான் நெனச்சான்.”

வெஸ்லி கையை எடுத்தான்.

பம்பு ஓடட்டும், வால்வுகள் இப்படியே இருக்கட்டும், குழாய் தானாக அறைச் சூட்டுக்கு வரட்டும் என்றார். எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினார். அவரும் வெளியே வந்து கண்ணாடியோடு ஒட்டி நின்றார். பதினொன்றரை ஆனது, பன்னிரண்டு ஆனது. பனிப்பட்டை ஒரு விரல் குறைந்தது போலத் தெரிந்தது. இல்லையோ என்றும் தோன்றியது. வெஸ்லி போனில் யாரிடமோ வண்டி தாமதமாகும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அவர் சொன்னது தப்பாக இருந்தால் அரைநாள் வீண், அவர் வேலைக்கே ஆபத்து. சரியாக இருந்தால் அந்த எஃகுக்குள் இருப்பதை நினைக்கவே பிடிக்கவில்லை. எர்லிண்டாவின் உதடுகள் அசைந்தபடி இருந்தன. ஜெபமா, நிமிஷக் கணக்கா என்று நான் கேட்கவில்லை.

ஒரு மணிக்குச் சற்று முன்னால், குழாய்க்குள் மேஜையை முஷ்டியால் தட்டியது போல ஒரு சத்தம். பூஜ்யத்துக்குக் கீழே கிடந்த முள் எகிறி அறுபதில் போய் நின்று ஆடியது. பம்பின் ஓசை மாறியது. மேல் கட்டி உடைந்து, அடைபட்டிருந்த கேஸ் வெளியே வந்திருந்தது. போக வேண்டிய வழியிலேயே அது போய்க்கொண்டிருந்தது. கசிவுக் கருவி சத்தம் போடவில்லை.

அந்த நேரம் கிளாம்பு திறந்திருந்தால் அதன் முன்னால் வெஸ்லியின் முகம் இருந்திருக்கும், அடுத்து என்னுடையது. அவன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மூன்றரைக்கு எர்லிண்டாவே குழாயைத் திறந்தார். அதற்குமுன் பனி முழுவதும் போய், நடுப்பகுதியும் அறைச் சூட்டுக்கு வரும் வரை மறுபடி காத்திருந்தார். உள்ளே பவுடர் சிமெண்டுபோல் இறுகிக் கிடந்தது. விரலால் தேய்த்தார். மாவைவிட நுண்மையாக இருந்தது, அதனால்தான் அப்படி இறுகியிருக்கிறது. வழக்கமான பவுடர் போதுமான அளவு கிடைக்கவில்லை என்று வெஸ்லி அந்த வாரம் வேறிடத்தில் வாங்கியது அது. போதாததற்கு இலையும் சரியாகக் காயவில்லை. அதன் ஈரம் அந்தக் குளிரில் பனிக்கட்டியாகிவிட்டது.

இலையின் ஈரத்தை அளந்தது நான். அவசரத்தில் ஒரு மூட்டையை மட்டும் அளந்துவிட்டு மற்றவற்றுக்கும் அதே எண்ணை எழுதியிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். “எழுதிக் குடு, பெனி. உன்னைத் திட்ட இல்லை. அடுத்த ஆளுக்குத் தெரியணும்” என்றார். எழுதிக் கொடுத்தேன்.

வெஸ்லி எல்லாருக்கும் பச்சை மிளகாய்க் குழம்பில் மூழ்கிய பர்கர் வாங்கி வந்தான். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அவருடைய தட்டை மட்டும் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தான். எர்லிண்டா ஒரு வாய் வைத்தார். அப்போதுதான் அவர் கையிலிருந்த கரண்டி தட்டில் மோதி மோதிச் சத்தம் போட்டது. தட்டை ஒதுக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை நான் வந்தபோது அவருடைய கார் வாசலில் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். இருபது நிமிஷம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போனால் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இன்ஜின் நின்றது. அவர் இறங்கி வந்து, அங்கியை மாட்டி, என் காலரைத் திருப்பிப் பார்த்தார்.

“பழைய பவுடர் எத்தனை பை மிச்சம் இருக்கு?” என்று கேட்டார்.