பெருவிரல் விழுந்த படம்

அம்மா இறந்தபோது நான் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தேன். உடனே விடுப்பு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வந்து சேர்ந்திருக்க முடியாது. எங்களில் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள். கடைசிவரை பார்த்துக்கொண்டது அக்காதான். அத்தா போன பிறகு அம்மா தனியாகப் படுக்கவே மாட்டாள். அக்கா பக்கத்தில் பாய் விரித்தால்தான் கண்ணை மூடுவாள்.

எங்கள் கபர்ஸ்தானில் பெயர்க்கல் வைக்கும் வழக்கம் இல்லை. வெறும் மண்மேடுதான், ஒரு மழைக்காலம் போனால் அதுவும் பாதி கரைந்துவிடும். அம்மாவின் கபர் எதுவென்று தெரியாமல் போய்விடுமோ என்பதுதான் எனக்குப் பெரிய பயம். முந்தைய விடுப்பில் அக்காவின் கணவருக்கு ஜி.பி.எஸ். உள்ள போன் ஒன்று வாங்கிவந்து கொடுத்திருந்தேன். அது சாட்டிலைட்டைப் பிடித்த பிறகு படமெடுத்தால், எடுத்த இடம் எண்களாகப் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். அப்படி எடுத்து அனுப்புங்கள் மச்சான் என்று கெஞ்சினேன். அவரும் போய் எடுத்தார்.

மச்சானுக்குத் தாம்பரம் பக்கத்தில் இரும்புலியூரில் போட்டோ ஸ்டூடியோ, மாடியில் வீடு. கல்யாண ஆல்பம்தான் பிழைப்பு. அவர் கையில் சிக்கிய எந்தப் படமும் இருந்தபடியே வெளியே போனதில்லை. மாப்பிள்ளையின் பருவை எடுப்பார், பின்னால் வாய் பிளந்து நிற்கும் சித்தப்பாவை எடுப்பார். அம்மாவின் கபருக்கும் அந்த மரியாதையைச் செய்துவிட்டார். உடைந்த சுற்றுச்சுவர் அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டினார். சுற்றியிருந்த மேடுகளை அழித்துப் புல் வளர்த்தார். வானத்தை நீலமாக்கினார். கடைசியில், மெயிலில் சீக்கிரம் போகட்டுமென்று, படத்தோடு வரும் கூடுதல் விவரங்களையெல்லாம் கழற்றிவிட்டுச் சின்னதாக்கி அனுப்பினார். ஆல்பம் வேலையில் யாருக்கும் அது தேவைப்படாது. எனக்குத் தேவைப்பட்டது அது ஒன்றுதான்.

அக்கா அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்ததோடு சரி. பிரிண்ட் போட்டுக் கொடுத்தும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாளாம். எங்களில் பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போகும் வழக்கம் இல்லை, அவள் பார்த்த கபர் அந்தப் படத்தில் இருந்ததுதான். இவ்வளவு அழகாகச் செய்தும் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்கிறாளே என்று மச்சானுக்கு வருத்தம்.

மறு வருஷம் மழை ஓய்ந்து நான் வந்தேன். மச்சான் கூட்டிக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்று "இதுதான்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு அந்தப் பக்கம் போய் அங்கேயும் "இதுதான்" என்றார். சுவரைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள், முள் மண்டியிருந்தது, காவலாளியும் புது ஆள். மெயிலில் வந்த படத்தைத் திறந்தேன். பச்சைப் புல், நீல வானம், நடுவில் ஒரே ஒரு மேடு. இது தாம்பரமா ஊட்டியா என்று கேட்டேன். விவரம் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை.

ஸ்டூடியோவுக்கு வந்து கம்ப்யூட்டரைக் குடைந்தோம். போனிலிருந்து அதற்கு மாற்றியிருந்த அசல் படத்தைக் கல்யாண சீசனில் இடம் போதாமல் அழித்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெற்ற தாயை எங்கே புதைத்தோம் என்று தெரியாமல் பண்ணிவிட்டீர்களே என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். மச்சான் தலையைத் தூக்கவில்லை. என்னைவிட அவர்தான் அம்மாவுக்கு மகனாக இருந்தவர். அது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் போனை நீட்டினார். "இதுல ஒரு வீணாப்போன படம் கீது மச்சான். வெரலு குறுக்க வந்துட்ச்சு. அழிக்க மறந்துட்டேன்."

படத்தில் பாதிக்கு மேல் அவர் பெருவிரல், மீதியில் கொஞ்சம் மண். சரிசெய்ய ஒன்றுமில்லாததால் அவர் அதைத் தொடவே இல்லை. விவரத்தைத் திறந்தால் எண்கள் இரண்டு வரிசையாக அப்படியே இருந்தன. அந்தப் பெருவிரலைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

கபர்ஸ்தானில் வெயிலில் நின்று, போன் சாட்டிலைட்டைப் பிடிக்கும்வரை காத்திருந்து, எண்களைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். ஓரிடத்தில் அநேகமாகப் பொருந்தியது. கடைசி எண் மட்டும் நிற்காமல் மாறிக்கொண்டே இருந்தது. எண்கள் பொருந்திய அந்தச் சின்ன வட்டத்துக்குள் கரைந்த மேடுகள் மூன்று இருந்தன. அதற்கு மேல் போனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மூவருக்கும் ஸலாம் சொல்லி, மூவருக்கும் யாசீன் ஓதினேன். அழுது தீர்த்தேன். பிறகு மூன்று மேடுகளையும் சுவரோடு சேர்த்துப் படமெடுத்தேன். மச்சான் எட்டிப் பார்த்து, அந்தச் சுவரை மட்டும் கொஞ்சம் வெட்டினால் நன்றாயிருக்கும் என்றார். நான் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் போனைக் கொடுத்தேன். இதில் எது அம்மா என்று தெரியவில்லை, மூன்றில் ஒன்று, அவ்வளவுதான் முடிந்தது என்றேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் படத்திலிருந்த மேடுகளை விரல் வைத்து எண்ணினாள்.

"பக்கத்துல ஆளுங்க இருக்காங்களா?" என்றாள். "அவ்ளோ பெரிய எடத்துல அம்மா ஒத்தையில கெடக்குதுன்னுல்ல நான் இத்தனை நாளா தூங்காம இருந்தேன்."