இருபத்திரண்டு சக்கரமும் ஒரு கையெழுத்தும்

எல்லைச் சாவடியில் எல்லோரும் அவளைத் திரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பச்சைத் திரை போட்ட சின்ன அறையில், அண்டை நாட்டிலிருந்து வரும் பெண்களைச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. எல்லை ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பேச்சு ஒன்றுதான், சட்டம்தான் வேறு. பதினோரு வருடமாக அந்த நாற்காலியில் இருந்தவள், ஒருநாள்கூடப் பாலத்தைத் தாண்டியதில்லை.

ஒரு காலை, காவலர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "அக்கா, சீக்கிரம் வா. அந்த லாரிய ஓட்டிட்டு வந்தது ஒரு பொம்பள. நாங்க சோதிக்க முடியாது."

திரை அக்கா வெளியே வந்தாள். இருபத்திரண்டு சக்கர லாரி. அத்தனை உயரத்திலிருந்து ஒருத்தி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். திரை அக்காவின் நாட்டில் பெண்களுக்குக் கனரக வண்டி உரிமமே கிடையாது. வாயைப் பிளந்து நின்றாள்.

"இத நீங்களேவா ஓட்டிட்டு வந்தீங்க?"

"பின்ன, தானா உருண்டு வந்துச்சா? ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு அக்கா. எங்க உரிமம் இங்கயும் செல்லும்."

திரைக்குள் பையைச் சோதித்தபோது, முத்திரை குத்திய ஒரு தாள் வந்தது. மனைவி எல்லை தாண்டத் தனக்குச் சம்மதம் என்று கணவன் கையெழுத்திட்டிருந்தான்.

"இது எதுக்கு?"

"வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம எங்கள வெளிய விடமாட்டாங்க. போன மாசம் ஒரு சண்டை. மூணு நாள் கையெழுத்துப் போடல. ஏத்தின தக்காளி பூரா அழுகிப் போச்சு. ஏன், உங்களுக்கு வேணாமா?"

"எனக்கா? பாஸ்போர்ட் நானே போய் வாங்கினேன். என் பொண்ணுக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவங்க அப்பா அப்போ தூங்கிட்டிருந்தாரு."

லாரிக்காரி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். "பிள்ளைக்குமா? நீங்களேவா?" இப்போது வாயைப் பிளந்தது அவள்.

சுமைத் தாள்களுக்கு முத்திரை வாங்க நேரமானது. "ஏறிப் பாருங்க அக்கா" என்றாள் லாரிக்காரி. திரை அக்கா ஏறி, ஸ்டீயரிங்கைத் தொட்டாள். அங்கிருந்து ஆறு முழுவதும் தெரிந்தது: வளைவு, மணல்திட்டு, அதில் வெள்ளையாக நின்ற பறவைகள். இத்தனை வருடம் இதன் பக்கத்திலேயா உட்கார்ந்திருந்தோம் என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்த வாரமே தன் நாட்டு உரிம அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி சட்டப் புத்தகத்தைத் திறந்தே காட்டிவிட்டார். "பொம்பளைங்களுக்குக் கிடையாதும்மா. அச்சடிச்சிருக்கு, பாருங்க."

அன்று வீட்டுக்கு வரும் வழியில்தான் அவளுக்கு யோசனை பிறந்தது. இங்கே உரிமம் தரமாட்டார்கள். ஆனால் அங்கே வாங்கினால் இங்கேயும் செல்லும்; அங்கே போக அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. லாரிக்காரி சொன்ன பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, ஞாயிறுதோறும் பாலம் தாண்டினாள். தையல்காரக் கணவன், "விழுந்தா எலும்புகூட மிஞ்சாதுடி" என்று புலம்பினான். ஆனாலும் எட்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவனுடையதுதான்.

முதல் தேர்வில் பின்னோக்கி எடுக்கும்போது கம்பத்தில் இடித்துத் தோற்றாள். இரண்டாவதில் தேறினாள். அந்த உரிமத்தோடு, சாவடி வேலையை விட்டுவிட்டு, அதற்குள் தோழியாகிவிட்ட லாரிக்காரியின் நிறுவனத்திலேயே சேர்ந்து, முதல் சுமையைத் தன் நாட்டுக்குள் ஓட்டி வந்தாள். நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் கை காட்ட மறந்து நின்றார். நாலு பக்கமும் வண்டிகள் முட்டிக்கொண்டு ஹாரன் அடித்தன.

இப்போது வாரம் மூன்று முறை போய் வருகிறாள். இரண்டு சட்டங்களும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. தோழிகள் இருவரும் சேர்ந்து இரண்டு தலைநகருக்கும் மனு எழுதியிருக்கிறார்கள். எழுத்து திரை அக்காவுடையது, கோபம் லாரிக்காரியுடையது.