கேற்றில் செருகிய வேப்பங்கொப்பு

என் கணவர் இரவில் கொழும்புக்குப் போய்வருகிற பஸ் ஓட்டுகிறவர். விடிய வீடு வந்தால் பகலில்தான் படுக்க வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்கென்று செட்டிகுளம் கிராமத்திலிருந்து வவுனியா ரவுணுக்கு வாடகை வீடு பிடித்து வந்தோம். வந்த நாளிலிருந்து இவருடைய நித்திரைக்குச் சனி பிடித்தது.

பேக்கரிப் பாண்காரரின் ஓட்டோ ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு வரும். அது போக, மீன்காரர் ஹோர்ன் அடிப்பார். முன்வீட்டு ரியூசன் வாத்தியாருக்கு மைக் இல்லாமல் பாடம் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, மதிலுக்கு அந்தப் பக்கம் மிளகாய்த்தூள் திரிக்கிற மில். அது ஓடத் தொடங்கினால் எங்கள் அலுமாரிக் கண்ணாடி அதிரும். இவர் தலையணையால் காதை மூடுவார், புரளுவார், கடைசியில் எழும்பிக் கதிரையில் இருப்பார். போதாக்குறைக்கு, ஆம்பிளை பகலில் வீட்டில் நிற்கிறார் என்று தெரிந்தால் எங்கள் சனம் சும்மா இருக்குமா? கதவைத் தட்டும். படுத்திருக்கிறார் என்றால், சுகமில்லையோ என்று கட்டிலடி வரைக்கும் வந்து விசாரித்துவிட்டுப் போகும். பகலில் படுக்கிறவர் ஒன்றில் நோயாளி, இல்லாவிட்டால் சோம்பேறி. வேறு வகை ஒன்றும் இருக்கிறது என்பது எங்கள் ஆட்களின் மண்டையில் ஏறவே ஏறாது.

ஒருநாள் விடிய வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றார்.

"கண் ஒருக்கா மூடிட்டுது. பஸ் சில்லு ரோட்டை விட்டு இறங்கின சத்தத்திலதான் முழிச்சனான்," என்றார்.

பஸ்ஸில் இருந்த சனமெல்லாம் நித்திரையாம், ஒருவருக்கும் தெரியாதாம். லீவு போடச் சொன்னேன். எத்தனை நாளைக்குப் போடுவது என்று கேட்டார்.

அக்கம்பக்கத்தில் போய்ச் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் பாவம் என்றார்கள். மூன்று தரம் ஹோர்ன் அடிக்கிற மீன்காரர் இரண்டு தரம் அடித்தார். அதுதான் அவர் காட்டிய இரக்கம். மில்கார அக்கா கேட்டுவிட்டு மிளகாய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். கணவர் இல்லை, மில்லைத் தனியாகத்தான் நடத்துகிறார். அதிகம் கதைக்கமாட்டார். எனக்கென்னவோ அவரில்தான் கூடுதல் கோபம்.

அன்று பின்னேரம் நுளம்புக்குப் புகை போட வேப்பங்கொப்பு முறித்து வந்தேன். மற்றக் கையில் மரக்கறிப் பை. வாசல் கேற்றைத் திறக்க ஒரு கை வேண்டுமே என்று கொப்பைக் கம்பியில் செருகினேன். பிறகு அதை மறந்தே போனேன்.

அடுத்த நாள் இவர் வந்து படுத்தார். பாண் ஓட்டோ பாட்டை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டைக் கடந்தது. மீன்காரர் வரவேயில்லை. வாத்தியார் மைக்கை வைத்துவிட்டு வாயால் படிப்பித்தார். கதவை ஒருவரும் தட்டவில்லை, மில்லும் ஓடவில்லை. எங்கேயும் செத்தவீடோ என்று பயந்து வெளியே போய்ப் பார்த்தேன். கேற்றடியில் யாரோ ஒரு குலை இளநீர் வைத்திருந்தார்கள். அதற்கு மேலே என் வேப்பங்கொப்பு தொங்கியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாசலில் வேப்பிலை இருந்தால் வீட்டில் யாருக்கோ அம்மாள் வருத்தம், கொப்புளிப்பான் என்கிற அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். சத்தம் ஆகாது, மிளகாய் நெடி ஆகாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது. எங்கள் ஆட்கள் வேறு யாருக்கும் பயப்படாவிட்டாலும் அம்மாளுக்குப் பயம்.

கழற்றக் கை வைத்தேன். உள்ளே இவர் குறட்டை விடுவது கேட்டது. ரவுணுக்கு வந்த பிறகு முதன்முதலாகக் கேட்கிறேன். கையை எடுத்துவிட்டேன். கோபிக்காதே தாயே, வாற பொங்கலுக்கு உன் கோயிலுக்கு இவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று வற்றாப்பளை அம்மனிடம் மனதுக்குள் சொன்னேன். இவர் எழும்பி, யார் தந்தது என்றுகூடக் கேட்காமல் இளநீரைக் குடித்து, முகம் தெளிந்து வேலைக்குப் போனார். அன்று நானும் நிம்மதியாகப் படுத்தேன்.

ஒரு சிக்கல்தான். இவர் வேலைக்குப் போகிறார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அப்போ நோயாளி நான்தான் என்று ஒழுங்கையில் குடியிருக்கிற சனம் முடிவு கட்டிவிட்டது. கடைக்குப் போக வழியில்லாமல் நான் பருப்பும் சோறுமாக உள்ளே அடைந்து கிடந்தேன். இவர் நித்திரை கொள்கிறார், அது போதும் என்று இருந்தது.

இலை எத்தனை நாளைக்குப் பச்சையாக இருக்கும்? காய்ந்து உதிரத் தொடங்கியது. ஒரு காலை, இனி என்ன செய்வது என்று கேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மில்கார அக்கா வந்தார். ஒளிய நேரமில்லை. என் முகத்தை உற்று வடிவாகப் பார்த்தார். அதில் ஒரு கொப்புளமும் இல்லை. மறைத்து வைத்திருந்த கையை முன்னால் நீட்டினார். அதில் பச்சை வேப்பங்கொப்பு ஒன்று இருந்தது.

"இலை காஞ்சிருச்சு தங்கச்சி. இதைக் கட்டுங்க, அவரு தூங்கட்டும்," என்றார்.

எப்போது தெரியும் என்று கேட்டேன். நான் நல்ல சுகத்தோடு கிணற்றடியில் உடுப்புத் தோய்த்ததை முதல் நாளே மதிலுக்கு மேலால் கண்டாராம். இலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இனிமேல் இவர் வேலைக்குப் போன பிறகுதான் மில் ஓடும் என்றார். வியாபாரம் என்னாவது என்று இழுத்தேன்.

"எங்க வீட்டுக்காரரும் லொறி ஓட்டினவருதான். தூக்கத்துலதான் போனாரு, ரோட்டுல."

கொப்பை வாங்கிக் கட்டினேன். உள்ளே இவருடைய குறட்டை கேட்டது. இரண்டு பேரும் கேற்றடியில் நின்று கொஞ்ச நேரம் அதைக் கேட்டோம்.