பலூன் ஏறாத நாள்

இருபத்தாறு வருடம் ராஜபாளையத்தில் ஸ்பீச் தெரபிஸ்டாக வேலை பார்த்துவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். "பிள்ளையப் பேச வைக்கிற டீச்சர்" என்றால்தான் ஊரில் தெரியும். நான் டீச்சர் இல்லை என்று முதல் பத்து வருடம் திருத்திப் பார்த்தேன். அப்புறம் எனக்கே அலுத்துவிட்டது.

சென்டரில் இப்போது வேலை பார்க்கிற பெண் ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். "மேடம், டேப்லெட்டுல ஆப்பைப் போட்டுக் குடுத்து வீட்டுல பிராக்டிஸ் பண்ணச் சொன்னாப் போதும்ல?" என்றாள். போதும் என்றோ போதாது என்றோ ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்ததும் தருண்தான் ஞாபகத்துக்கு வந்தான். இந்தக் கதையில் முட்டாள் யார் என்று தேடிச் சிரமப்பட வேண்டாம். நான்தான்.

1. ஆறு டேப்லெட்

டேப்லெட் வருவதற்கு முன்னால் எங்கள் சென்டரில் இருந்த கருவிகள்: ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஊதி அணைக்க மெழுகுவர்த்தி, சோப்பு நுரை விடுகிற டப்பா, ஓரம் பிய்ந்த படக் கார்டு ஒரு கட்டு. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுப்போம். தினமும் பயிற்சி செய்ததும் டிக் போட வேண்டும். பெற்றோர் என்னைப் பார்க்க உள்ளே வருவதற்கு முன்னால், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாரத்து டிக்கையும் ஒரே பேனாவில் போட்டு முடிப்பார்கள். எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். யாரும் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை.

அதனால்தான் ஆறு டேப்லெட் வந்து இறங்கிய அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிள்ளை எவ்வளவு நேரம் பயிற்சி செய்தது என்பதை டேப்லெட்டே கணக்கெடுத்து சென்டர் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். பொய் டிக் போட வழியே இல்லை. "இனிமே யாரும் என்னை ஏமாத்த முடியாது சார்" என்று சென்டர் நடத்துகிற சாரிடம் சொன்னேன். அதைச் சொன்ன வாயை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

2. பக்கத்திலேயே இரு

சனிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளைக்குப் போவேன். காலை பஸ்ஸில் இடது பக்க ஜன்னல் கிடைத்தால் மலை கூடவே வரும். ஓய்வு பெற்ற பிறகு நான் ஏங்குவது அந்த ஜன்னல் சீட்டுக்கும் அந்தச் சனிக்கிழமைகளுக்கும்தான்.

முனீஸ்வரி தன் மகன் தருணை அங்கேதான் கூட்டிவந்தாள். பையனுக்கு மூன்றரை வயது. காது டெஸ்ட் நன்றாக இருந்தது. சொன்னது புரிந்தது. ஆனால் வார்த்தை ஒன்றுகூட இல்லை, வாயிலிருந்து சத்தம் வருவதே அபூர்வம். யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டான். அப்பா அய்யனார் மிலிட்டரியில் வடக்கே இருந்தார். முனீஸ்வரி ராஜபாளையத்தில் ஒரு தையல் யூனிட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள், பையனுக்காக அந்த வேலையை விட்டுவிட்டாள். தளவாய்புரத்திலிருந்து நைட்டிக்கு வெட்டிய துணி பண்டல் பண்டலாக வீட்டுக்கு வரும். செண்பகத்தோப்புப் போகிற ரோட்டில் இருந்த வாடகை வீட்டில், மோட்டார் வைத்த மெஷினில் தைத்துக் கொடுப்பாள்.

இரண்டு மாதம் வாரம் இரண்டு தடவை வந்தார்கள், சனிக்கிழமை கிளைக்கும் நடுவில் ஒரு நாள் ராஜபாளையத்துக்கும். பிறகு அவர்களுக்கு ஒரு டேப்லெட் கொடுத்தேன். அதில் ஒரு பலூன் ஆப். மைக்கில் சத்தம் விழுந்தால் திரையில் பலூன் ஏறும், சத்தம் நின்றால் இறங்கும். வாயைத் திறக்காத பிள்ளைக்குச் சத்தம் கொடுக்க ஆசை வரட்டும் என்பதற்காகச் செய்தது. நல்ல ஆப்தான், இப்போதும் சொல்வேன்.

"இந்தா பாரு முனீஸ்வரி. கைல குடுத்துட்டு நீ எந்திரிச்சுப் போயிரக் கூடாது. உன் பக்கத்துலயே உக்கார வையி. அவன் மொகம் உனக்குத் தெரியணும்" என்றேன்.

"சரி டீச்சர். என்னைய விட்டு நகரவே விட மாட்டேன்" என்றாள்.

சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தாள். நான்தான் அவள் வீட்டில் எங்கே உட்காருவாள் என்று கேட்கவில்லை.

3. கிராஃப்

முதல் வாரம் ரிப்போர்ட்டில் தினமும் ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் என்று வந்தது. மூன்றாம் வாரம் அரை மணி நேரம். ஐந்தாம் வாரம் ஐம்பது நிமிடம். சார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், பாத்தியளா? அம்புட்டு நல்லா வருது. வீட்டுலயே இப்படி நடந்தா எதுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவ அலையணும்? மாசம் ஒரு தடவ வரச் சொல்லுங்க. வெயிட்டிங்ல எத்தனை பிள்ளைக கெடக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்ல."

நானும் சரி என்றேன். மாதம் ஒரு முறை என்று மாற்றினேன். அந்த ஒரு முறை வந்தபோதும் தருண் என் முன்னால் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. வீட்டில் பேசுகிற பிள்ளை வெளியிடத்தில் கூச்சப்படுவது எத்தனை பார்த்திருக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அனுபவம் இருந்தால் சமாதானமும் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

அந்தச் சமயத்தில் அய்யனார் போன் செய்தார்.

"டீச்சர், ஐம்பது நிமிஷம் சத்தம் குடுக்கான்னு வீட்டுல சொல்லுதா. நெசமா?"

"நெசந்தான் தம்பி. ரிப்போர்ட் என் முன்னாலதான் இருக்கு."

"இன்னும் மூணு மாசத்துல லீவுல வாரேன். அதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருவானா டீச்சர்?"

இந்தத் தொழிலில் யாருக்கும் தேதி சொல்லக் கூடாது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அதைத்தான் முதலில் சொன்னார்கள், நானும் அது வரைக்கும் சொன்னதில்லை. அன்றைக்கு, "சொல்லிருவான் தம்பி, கவலைப்படாதிய" என்றேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

4. அன்றைக்குக் கரண்ட் இல்லை

டேப்லெட் கொடுத்து இரண்டாம் மாதம் முடிகிற சமயம் ஒரு வியாழக்கிழமை ரிப்போர்ட்டில் பூஜ்யம். நான் உடனே போனை எடுத்து முனீஸ்வரியை ஒரு பிடி பிடித்தேன்.

"நேத்து ஏம்மா பண்ணல?"

"கரண்ட் இல்ல டீச்சர். காலைல போனது, சாயங்காலந்தான் வந்துச்சு."

"டேப்லெட்டுல சார்ஜ் இருந்திருக்கும்ல?"

"இருந்துச்சு டீச்சர். அவனும் உக்காந்துதான் இருந்தான். பலூன்தான் ஏறல."

ஆப்பில் கோளாறு என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை மதியம் கிளை வேலை முடிந்ததும் டேப்லெட்டைப் பார்க்கத்தான் அவள் வீட்டுக்குப் போனேன், பையனைப் பார்க்க அல்ல. அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. உள்ளே முனீஸ்வரி நைட்டிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மெஷின் பலகையில், துணியை ஒதுக்கிவிட்டு, டேப்லெட் நிற்க வைத்திருந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு தருண். பலூன் ஏறிக்கொண்டிருந்தது. அவன் வாய் மூடியே இருந்தது.

"வாங்க டீச்சர். பாருங்க, எம்புட்டு ஒசரம் போகுதுன்னு" என்றாள் முனீஸ்வரி. முகமெல்லாம் பெருமை.

"கால எடும்மா" என்றேன்.

பெடலிலிருந்து காலை எடுத்தாள். மோட்டார் நின்றது. பலூன் இறங்கித் தரையைத் தொட்டது.

"இப்ப ஓட்டு."

ஓட்டினாள். பலூன் ஏறியது.

நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் தன் காலைப் பார்த்தாள், டேப்லெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப இம்புட்டு நாளும் நான் தைச்சதத்தான் நீங்க எழுதி வச்சியளா டீச்சர்?"

எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது. அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அவியகிட்ட வேற சொல்லிட்டனே" என்று புருஷனை நினைத்து மட்டும் சொன்னாள். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு இரண்டு மாதம் என்பது சின்ன காலம் இல்லை. அதை நான் வீணாக்கியிருந்தேன்.

5. கால்

முனீஸ்வரி மறுபடியும் காலை எடுத்திருந்ததால் பலூன் கீழேயே கிடந்தது. தருண் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஸ்டூலிலிருந்து இறங்கினான். மெஷினுக்கு அடியில் குத்தவைத்து, அம்மாவின் காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, பெடல் மேல் வைத்தான். வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தான்.

முகத்தைப் பார்த்துக் கேள் என்று கண்ணாடியும் மெழுகுவர்த்தியும் வைத்துக்கொண்டு நான் இரண்டு மாதம் கெஞ்சியிருக்கிறேன். பலூனை ஏற்றுவது அம்மாதான் என்பதை எங்களுக்கு முன்னாலேயே அவன் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

"முனீஸ்வரி, மிதிச்சிராத. அவனையே பாரு" என்றேன். "எப்பவும் இப்படிக் கேப்பானா?"

"தெனமும்தான் டீச்சர். காலப் பிடிச்சு இழுப்பான். தொந்தரவு பண்ணுதான்னு வஞ்சிட்டு ஓட்டிருவேன்."

பலூன் ஆப்பை அங்கேயே அழித்தேன். வீட்டுப் பயிற்சியை மாற்றி எழுதினேன். கொஞ்சம் ஓட்ட வேண்டும், நிறுத்த வேண்டும். "ஓட்டவா?" என்று ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். பிறகு அவன் முகத்தைப் பார்த்தபடி மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். அவனுக்குப் பதிலாக நாம் பதில் சொல்லக் கூடாது. அந்தப் பத்து எண்ணுவதுதான் கஷ்டம், பெற்றவர்களுக்கு மூன்றுக்கு மேல் பொறுக்காது. டேப்லெட்டையும் திருப்பி வாங்கவில்லை. அதில் இருந்த இன்னொரு ஆப்பில் வீட்டுச் சாமான்களையே போட்டோ எடுத்துப் போட்டு, முனீஸ்வரியின் குரலிலேயே பெயர்களைப் பதிவு செய்தோம். மெஷினை நிறுத்திவிட்டுத்தான்.

திங்கட்கிழமை சாரிடம் சொன்னேன். "அது தையல் மெஷினோட கிராஃப் சார். பையனை மறுபடியும் வாரம் ரெண்டு தடவ பாக்கணும்." சார் கம்ப்யூட்டரில் அந்தக் கிராஃபை மூடினார். "சரி, வரச் சொல்லுங்க. மத்த அஞ்சு வீட்டுலயும் என்னென்ன ஓடுதுன்னு ஒரு எட்டுப் போய்ப் பாத்துருங்க" என்றார். போய்ப் பார்த்தோம். ஒரு வீட்டில் டிவி சீரியல் பலூன் ஏற்றிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் கிரைண்டர்.

அய்யனாருக்கு நானே போன் செய்து, சொன்னது தப்பு என்றேன். "லீவுக்கு வாறதுக்குள்ள பேசிருவான்னு சொன்னேன்ல தம்பி. அத நான் சொல்லிருக்கக் கூடாது. எப்பன்னு எனக்குத் தெரியாது." அவர் கோபப்படவில்லை. "இருக்கட்டும் டீச்சர். நான் வாரேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

6. லீவு

மூன்று வாரத்தில் தருணுக்கு "ஓ" வந்தது. ஓட்டு என்பதற்கு "ஓ". அதோடு நின்றுவிட்டது. அய்யனார் லீவில் வந்து இறங்கியபோதும் அந்த "ஓ" மட்டும்தான். வார்த்தை என்று கேட்ட மனுஷருக்கு அதைத்தான் எங்களால் கொடுக்க முடிந்தது.

அவர் வந்து ஒரு வாரம் இருக்கும். ஒரு சனிக்கிழமை கிளையில் இருந்தபோது முனீஸ்வரி போன் செய்தாள்.

"டீச்சர், கூப்பிட்டான்."

நான் கேட்ட முதல் கேள்வி, "மெஷின் ஓடுச்சா?"

"ஓடல டீச்சர். நூலு சிக்கி நிக்குது. அதான் கூப்பிட்டான்."

சென்டரில் இப்போது வேலை பார்க்கிற அந்தப் பெண்ணுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். ரிப்போர்ட் மோசமாக வந்தால் போனில் விசாரித்துக்கொள்ளலாம். நன்றாக வந்தால் அன்றைக்கே நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். மிச்சம் இருந்த இரண்டு பிள்ளைகளையும் பார்த்து முடித்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

முனீஸ்வரி அடுப்படியில் இருந்தாள். அய்யனார் மெஷின் முன்னால் உட்கார்ந்து, துப்பாக்கி பிடித்த கையால் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். காலையில் தருண் அவரைத்தான் இழுத்துவந்து உட்கார வைத்தானாம். மிதித்த மிதியில் நூல் பந்தாகச் சுற்றி மெஷின் நின்றுவிட்டதாம். "எனக்கு ஓட்டத் தெரியல டீச்சர். அதுக்குத்தான் அவளக் கூப்பிட்டிருக்கான்" என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

மறுபடியும் மிதித்தார். நாலு தையல் விழுந்ததும் நூல் மறுபடியும் சிக்கியது. தருண் பெடலைப் பார்த்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவர் கையை விரித்தார். நான் மனதுக்குள் எண்ணினேன். ஏழோ எட்டோ வந்திருக்கும், பையன் அடுப்படிப் பக்கம் திரும்பினான்.

"ம்மா."

என் காதால் கேட்டேன். ஆனால் முனீஸ்வரி வரவில்லை. கேட்கவில்லையோ என்று எட்டிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, பேசாதீர்கள் என்று எனக்குக் கையைக் காட்டினாள்.

"ம்மா" என்றான் தருண், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

அப்போதுதான் வந்தாள். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். "மொதத் தடவையே வந்துருப்பேன் டீச்சர். இன்னொருவாட்டி கூப்பிட மாட்டானான்னு இருந்துச்சு."