மாமியின் குளவிகள்

எங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டில் முதல் குளவிக்கூடு படுக்கையறைத் திரைச்சீலைக் கம்பிக்கு மேலே வந்தது. பெருவிரல் அளவு மண்கட்டி. அதைச் சுரண்ட நான் கரண்டியோடு ஸ்டூலில் ஏறியபோது மாமி, அதாவது என் கணவரின் அம்மா, வாசலில் வந்து நின்றார்.

"எறங்கு புள்ள. குளவி உள்ளுக்கு வந்து கூடு கட்டினா அந்த வீட்ல புள்ள பொறக்கும். அதப் போய் யாராச்சும் ஒடைப்பாங்களா?"

எங்களுக்குக் கல்யாணமாகி அது ஐந்தாவது வருடம். வைத்தியசாலை, கோயில் நேர்த்தி எல்லாம் பார்த்தாயிற்று. இனிக் குளவிதான் பாக்கி என்று எரிச்சலோடு இறங்கினேன்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் குளவிகளுக்குக் கொண்டாட்டம். டீவிக்குப் பின்னால் ஒன்று, பிளக் ஓட்டைக்குள் ஒன்று. ஜன்னல்களுக்கு அடிக்க என் கணவர் வலை வாங்கி வந்தார். மாமி அதை எடுத்துக் கறிவேப்பிலைக் கன்றுக்குக் கூடாரம் போட்டார். கெலிஓயாவில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய காலையில் என் அலுமாரியின் சாவித் துவாரம் மண்ணால் அடைபட்டிருந்தது. பட்டுச்சேலை உள்ளே. ஊசியால் நோண்டப் போன என்னைத் தடுத்து, மாமி தன் வெங்காயக் கலர் சேலையை நீட்டினார். அந்தக் கல்யாணப் படங்களில் எல்லாம் நான் அவருடைய தங்கச்சி போல நிற்கிறேன்.

அதைவிடக் கொடுமை, வீட்டுக்கு வருகிறவர்களை எங்கள் அறைக்குள் கூட்டிப்போய்க் கூட்டைக் காட்டுவது. பார்த்தவர்களின் கண் கூட்டிலிருந்து நேரே என் வயிற்றுக்கு இறங்கும். சிரித்து மழுப்புவேன். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன்.

மாமிக்கு ஹவுஸ்கோட் தைக்கும் முஸ்லிம் அக்கா மடவளையிலிருந்து வருவார்; ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். கூட்டின் மகிமை அவருக்கும் ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. ஒருநாள் மாமியின் அறையில் அளவெடுத்துக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்தார். மாமியின் கட்டிலுக்கு நேர்மேலே, ஈரம் காயாத புதுக்கூடு.

"ஆன்ட்டி, இது யாருக்கு?" என்று மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். "வயித்துப் பக்கம் கொஞ்சம் லூசா தச்சிடவா?"

வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமாவுக்கு இருமல் வந்தது. எழுபதைத் தாண்டியவர். அந்த இருமல் லேசில் அடங்கவில்லை.

ராத்தா கேட்டைத் தாண்டுமுன் மாமி விளக்குமாற்றைத் தூக்கிவிட்டார். முதலில் தன் கட்டிலுக்கு மேலிருந்ததை விழுத்தினார். பிறகு மற்றவை ஒவ்வொன்றாகப் பொலபொலவென்று விழுந்தன, உள்ளே குளவி அடைத்து வைத்திருந்த சிலந்திகளோடு. சுவர்களை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். பிளக் ஓட்டைகளுக்கு டேப் ஒட்டச் சொன்னார். கறிவேப்பிலைக் கன்றின் கூடாரத்தையும் கழற்றி, ஜன்னல்களில் அடிக்கும்படி மகனிடம் கொடுத்தார்.

கடைசியாக எங்கள் அறை. விளக்குமாற்றை ஓங்கியவர், பாதியில் இறக்கி என்னிடம் நீட்டினார்.

"நீயே ஒடைச்சிரு புள்ள. நான் இனி ஒண்ணும் சொல்லமாட்டேன்." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

எவ்வளவு காலம் காத்திருந்த அனுமதி. ஸ்டூலில் ஏறினேன். கிட்டத்தில் பார்த்தால் கூடு அழகாகவே இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

"அடிச்சா பெயிண்ட் உரிஞ்சிரும் மாமி," என்று சொல்லிக்கொண்டு இறங்கினேன்.

மாமி சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஆமா, போன தீவாளிக்கு அடிச்ச பெயிண்ட்தானே," என்றார்.

சற்று நேரத்தில் என் கணவர் வலையும் சுத்தியலுமாக வந்தார். இந்த அறை ஜன்னலுக்கு வேண்டாம் என்று நான்தான் அவரைத் திருப்பி அனுப்பினேன்.