விழ வேண்டிய கம்பு

சித்தப்பாவின் குதிரைக்குத் தடுக்கி விழுவதைத் தவிர வேறு குறை எதுவும் கிடையாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் லாயத்து வேலை பார்த்துப் பென்ஷனோடு கோட்டுச்சேரிக்குத் திரும்பியவர், வந்ததும் வராததுமாக ஒரு வண்டிக்குதிரையை வாங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கு எல்லாமே அதுதான். அதுவோ ஒரு நாள் அம்மாவை வண்டியில் ஏற்றிப்போகும்போது நடுத்தெருவில் மண்டியிட்டது. அம்மாவுக்குக் கை பிசகிப்போனது. அப்பாவுக்குப் பொல்லாத கோபம்.

"காலைத் தூக்கி வைக்க மாட்டேங்குது, அவ்வளவுதாண்ணே. பழக்கிடலாம்" என்றார் சித்தப்பா.

அறுவடை முடிந்த வயலில் பழக்கும் வேலை ஆரம்பமானது. தாண்டிப் பழகப் போட்ட சவுக்குக் கம்பு இடித்துக் குதிரையின் கால் சிராய்த்தது. மூங்கில் பிளந்துகொண்டது. கடைசியில் காய்ந்த அகத்திக் கம்புகள் ஐந்தைத் தோலுரித்து, காவியும் சுண்ணாம்புமாகப் பட்டை அடித்தார். ஐந்தையும் நானே ஒரு கையில் தூக்கிவிடுவேன். அவற்றில் நாலை, குதிரை எடுத்து வைக்கும் ஓர் எட்டுக்கு ஒன்றாகத் தரையில் போட்டார். ஐந்தாவதை மட்டும், மணல் நிரப்பிய இரண்டு மண்ணெண்ணெய் டின்களின் மேல் கிடத்தினார். கால் பட்டால் கம்புதான் விழ வேண்டும், குதிரைக்கு வலிக்கக் கூடாது என்று சித்தப்பா சொல்லத்தான் சொன்னார். யார் காதில் ஏறியது.

"ஊதினா பறக்குற கம்பை வச்சு வித்தை காட்டுறான்" என்று அப்பா சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து பாப்பேன். அந்த மேல்கம்பு விழுந்துச்சுன்னா, குதிரைய வித்துடணும்டா."

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் குதிரை மேல் உயிர். அதுவோ பத்துத் தடவையில் நாலு தடவை கம்பைத் தட்டிவிடும். கம்பு விழுந்தால் குதிரை போய்விடும். ஆகவே கம்பு விழக் கூடாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வயலுக்குப் போய், ஈர வாழைநாரால் கம்பின் இரண்டு முனைகளையும் டின்களின் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கக் கட்டினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்பா வந்து வரப்பில் நின்றார். சித்தப்பா அவரையே பார்த்தபடி குதிரையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். தரையிலிருந்த நாலு கம்புகளையும் அது அழகாகக் கால் தூக்கி வைத்துக் கடந்தது. ஐந்தாவதில் முன்னங்கால் பட்டது.

கம்பு விழவில்லை. குதிரை விழுந்தது.

இரண்டு முழங்காலிலும் ரத்தம். சித்தப்பா கம்பின் இந்த முனையில் குனிந்தார், அந்த முனையில் குனிந்தார். குதிரையின் காலைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அப்பா வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதற்குள் கம்பு தனியே உருண்டு கிடந்தது. நாரைக் காணோம்.

"பாத்தியாடா? இந்த விளையாட்டுக் கம்பைக்கூடத் தாண்ட முடியல."

"ஆமாண்ணே. அதுக்கு வராது" என்றார் சித்தப்பா.

புண் ஆறியதும் நாகூர் வண்டிக்காரர் ஒருவர் வந்து குதிரையை ஓட்டிக்கொண்டு போனார். சித்தப்பா தெருமுனை வரைக்கும் கூடவே நடந்தார்.

ஈர நார் முடிச்சு தானாக அவிழாது என்பது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று. அன்றைக்கு, அப்பாவின் அடியிலிருந்து என்னைக் காப்பாற்ற மாதாவே வந்து அவிழ்த்துவிட்டாள் என்று நம்பி மெழுகுவத்தி ஏற்றினேன். கோபமெல்லாம் சித்தப்பா மேல்தான். அத்தனை ஆசையாக வைத்திருந்த குதிரைக்காக அண்ணனிடம் ஒரு வார்த்தை பேச மாட்டாரா? நாலு நாள் அவரோடு நான் பேசவே இல்லை. ஏன் என்று அவர் கேட்கவும் இல்லை.