மட்டக்கம்பும் செவலையும்

போடிமெட்டுப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கும் குருவம்மாளின் முதுகைப் பார்த்தாலே கங்காணி வீரபாண்டியின் கைவரிசை தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் கங்காணி அடித்தான் என்பது ஒரு செய்தியே இல்லை. செடியின் தலைமட்டம் பார்க்கக் கொழுந்து பறிக்கிறவர்கள் வைத்திருக்கும் மட்டக்கம்பைப் பிடுங்கி, அதாலேயே அவர்களை வெளுப்பான். அடிப்பதற்குக்கூட சொந்தமாக ஒரு கம்பு வைத்துக்கொள்ளாத மகராசன்.

செவலை அவனுடைய வேட்டை நாய். காட்டுப்பன்றியைத் தப்பவிட்டதற்காக அதை மரத்தில் கட்டி, விலா எலும்பு உடையும்வரை அடித்து, ஓடைக்குள் உருட்டிவிட்டான். குருவம்மாள் அதைக் கொழுந்துக் கூடையில் தூக்கிப் போட்டுக்கொண்டு எஸ்டேட் குடியிருப்பான தன் லயத்துக்கு நடந்தாள்.

"செத்த நாய எதுக்குத் தூக்கிட்டுப் போற?" என்றான் வீரபாண்டி.

"செத்தா நானே பொதச்சுக்கிறேன் கங்காணியாரே."

நாய் பிழைத்தது. ஆனால் கம்பைக் கண்டால் வெறிபிடித்துப் பாய்ந்தது. தேயிலைக் காட்டில் கம்பில்லாத கை ஏது? பக்கத்து வீட்டுச் சாந்தம்மாளின் முழங்கையை அது குதறியதும், வீரபாண்டி துப்பாக்கியோடு வந்து நின்றான்.

"இன்னொருத்தரக் கடிச்சதுன்னா சுட்டுப் போட்ருவேன்."

அன்றுமுதல் வேலை முடிந்து வந்ததும், குருவம்மாள் தன் மட்டக்கம்பில் கருவாட்டைத் தேய்த்துத் தரையில் போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவாள். நாய் உறுமும். அவள் அசைய மாட்டாள். அவள் கையும் கிழிந்தது; மஞ்சளை அப்பி, யாருக்கும் தெரியாமல் முந்தானையால் மூடிக்கொண்டாள். மழைக்காலம் ஓய்வதற்குள் நாய் கம்பை நக்கியது, பிறகு கவ்வியது. ஒரு சாயங்காலம், அவள் வீசிய கம்பை ஓடிப்போய் எடுத்துவந்து காலடியில் போட்டு, முன்னங்கால்களை மடக்கிப் பின்பக்கத்தைத் தூக்கி, இன்னொரு தரம் வீசச் சொல்லி வாலாட்டியது. குருவம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அன்றைக்குத்தான் அது வயிற்றைக் காட்டி மல்லாந்து தூங்கியது.

தை மாதம், கொழுந்து நிறுக்கிற இடத்தில், அவள் கூடைக்குள் முற்றல் இலை கிடந்தது. வீரபாண்டி அவள் கம்பைப் பிடுங்கித் தோளில் இறக்கினான். எங்கிருந்தோ செவலை பாய்ந்து வந்தது. கடித்தால் குண்டுதான்.

அது கடிக்கவில்லை. கம்பை மட்டும் கவ்வி இழுத்துக்கொண்டு ஒரு சுற்று ஓடியது. கூட்டம் சிரித்துவிட்டது. பிறகு, அவள் பழக்கியபடியே, திரும்பி வந்து கம்பை வீரபாண்டியின் காலடியில் போட்டு, முன்னங்கால்களை மடக்கி வாலை ஆட்டியது.

சிரிப்பு அவன் முகத்தில் அறைந்திருந்தது. கம்பை எடுத்து முழுப் பலத்தோடு அடித்தான். நாயின் பின்னங்கால் முறிந்தது. அப்போதும் அது கடிக்காமல் குருவம்மாளையே பார்த்தது. அந்தப் பாவி நாய்க்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

கம்பு மறுபடி உயர்ந்தபோது குருவம்மாள் அதைப் பிடித்துவிட்டாள். முறுக்கிப் பறித்தாள். இத்தனை வருஷம் முதுகில் வாங்கியதையெல்லாம் அவன் மணிக்கட்டு நொறுங்கும்வரை திருப்பிக் கொடுத்தாள். ஒருவரும் தடுக்கவில்லை. சாந்தம்மாள் மட்டும், "போதும்டி, ஓடிரு" என்றாள்.

வேலை போனது, லயமும் போனது. செவலையைக் கூடையில் சுமந்து மலையிறங்கினாள். அடிவாரத்து முந்தல் அருகே இளைப்பாற இறக்கிவைத்தபோது, அது மூன்று காலில் நொண்டிப் போய் ஒரு சுள்ளியைக் கவ்விவந்து அவள் காலடியில் போட்டது.

கம்பு பிடித்து அடித்த கையை அவள் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நாய் வாலாட்டிக்கொண்டே இருந்தது. சுள்ளியை எடுத்து, நொண்டிக் காலுக்கு எட்டுகிற தூரத்தில் மெதுவாகப் போட்டாள்.